மூளை மாத்திரையின் கதை

1/ "டாக்டர், பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டோம். ஆனா மூளை மாத்திரையை மட்டும் ஒருநாள்கூட விடல."

போன மாசம் வார்டில் ஒரு அம்மா என்கிட்ட சொன்னது. அவங்க வீட்டுக்காரருக்கு ரெண்டாவது தடவையா பக்கவாதம். முதல் தடவை வலது கை மட்டும்தான் தளர்ந்திருந்தது. இந்தத் தடவை பேச்சும் போயிடுச்சு.

2/ மஞ்சப்பையிலிருந்து அட்டைகளை எடுத்துக் கட்டில்மேல வரிசையா வச்சாங்க. எல்லாம் ஒரே மருந்து. சிட்டிகோலின் 500 மில்லிகிராம். பத்து மாத்திரை உள்ள ஒரு அட்டையே நூற்றுக்கணக்கில் விலை.

"பிரஷர் மாத்திரையை ஏம்மா நிறுத்தினீங்க?"

"அது சும்மா குடுக்குறதுதானே டாக்டர். இதுதான் மூளைக்குன்னு சொன்னாங்க. அதான் நகையை வச்சாவது வாங்கினோம்."

3/ எனக்குக் கோபம் வரல. காரணம், அதே மாத்திரையை நானும் எழுதியிருக்கேன். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ சீனியர் எழுதினார், அதைப் பார்த்து நான் எழுதினேன். ஏன் எழுதுறோம்னு அப்போ கேட்கத் தோணல. கேட்டது ரொம்ப வருஷம் கழிச்சுதான். தேடினப்போ கிடைச்சது ஒரு நல்ல கதை. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

4/ கதை முட்டையில ஆரம்பிக்குது. 1840களில் தியோடோர் கோப்லே என்ற பிரெஞ்சு மருந்தாளர் முட்டை மஞ்சள் கருவிலிருந்து ஒரு கொழுப்பைப் பிரித்தெடுத்தார். அதில் பாஸ்பரஸ் இருந்தது. மஞ்சள் கருவுக்கான கிரேக்கச் சொல்லை வைத்தே அதற்கு லெசித்தின் என்று பெயர் வைத்தார்.

கொஞ்ச காலத்தில் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் பித்தநீரிலிருந்து இன்னொரு பொருளைப் பிரித்தார். 1862இல் அதற்கு கோலின் என்று பெயரிட்டார். பித்தத்துக்கான கிரேக்கச் சொல்தான் அதுவும்.

5/ லெசித்தினுக்குள் இருக்கும் ஒரு துண்டுதான் கோலின் என்பது பிறகு தெரிந்தது. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சவ்வு இருக்கு இல்லையா, வீட்டுக்குச் சுவர் மாதிரி? அந்தச் சுவரின் முக்கியமான செங்கல் இந்த லெசித்தின் வகைக் கொழுப்பு.

மூளைக்கு இது ரொம்பவே வேணும். தண்ணீரை நீக்கிவிட்டு எடை பார்த்தால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்புதான்.

6/ சரி, செல் இந்தச் செங்கலை எப்படிச் செய்யுது? நூறு வருஷத்துக்கு யாருக்கும் சரியாகத் தெரியல. விடை 1950களின் நடுவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. கண்டுபிடித்தவர்கள் யூஜின் கென்னடியும் சாமுவேல் வைஸும். கண்டுபிடிச்ச விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

7/ அப்போ எல்லாரும் நினைச்சது இதுதான்: கோலினைக் கொழுப்போடு ஒட்டவைக்க சக்தி வேணும், செல்லில் சக்தி கொடுப்பது ஏடிபி, அதனால் ஏடிபியைச் சேர்த்தா வேலை நடக்கும். சேர்த்துப் பார்த்தாங்க. நடந்தது.

பிறகு படிகமாக்கிய, சுத்தமான ஏடிபி கிடைக்க ஆரம்பிச்சது. அதைச் சேர்த்துப் பார்த்தாங்க. ஒண்ணுமே நடக்கல!

8/ இப்படி யோசிங்க. ஒரு பாத்திரத்தில் பாலை ஊத்தி வச்சா தினமும் தயிராகுது. பால் தானா தயிராகுதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. ஒருநாள் பாத்திரத்தை நல்லாத் தேய்ச்சுக் கழுவினீங்க. தயிராகல. அப்போதான் புரியுது, இத்தனை நாள் வேலை செஞ்சது பாத்திரத்து ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய தயிர்.

9/ அதேதான் அங்கேயும். பழைய ஏடிபி தூளில் சிடிபி என்ற இன்னொரு பொருள் துளியூண்டு கலந்திருந்தது. வேலை பார்த்தது அந்தக் கலப்படம்தான்.

சிடிபி ஒரு நியூக்ளியோடைடு. பயப்படாதீங்க, எளிய விஷயம். ஆர்என்ஏ என்ற மரபுச் செய்தியை எழுத நம் உடம்பு நாலே நாலு எழுத்துகளைப் பயன்படுத்துது: ஏ, யூ, ஜி, சி. அந்த எழுத்துகள்தான் நியூக்ளியோடைடுகள். சிடிபி அதில் 'சி' குடும்பம்.

10/ கென்னடியும் வைஸும் காட்டியது இது: செல் முதலில் கோலினை இந்த 'சி' எழுத்தின் முதுகில் ஏத்துது. அப்படிக் கிடைக்கும் பொருளுக்குப் பெயர் சிடிபி-கோலின். அப்புறம் அந்த எழுத்து, கோலினைக் கொண்டுபோய்க் கொழுப்பில் இறக்கிவிட்டுத் திரும்புது. செங்கல் ரெடி.

1956இல் விரிவான கட்டுரை வந்தது. இன்றைக்கும் உயிர்வேதியியல் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் 'கென்னடி பாதை'. முதல் வருஷம் எம்பிபிஎஸ்ஸில் நாங்க எல்லாரும் மனப்பாடம் பண்ணினதுதான்.

11/ அந்த சிடிபி-கோலினுக்கு மருந்துக்கடைப் பெயர்தான் சிட்டிகோலின். ஆமாம், மஞ்சப்பையில் இருந்த அதே பொருள். கென்னடி மருந்து எதுவும் தேடல. செல் எப்படிக் கொழுப்பைக் கட்டுதுன்னு மட்டும்தான் தேடினார். அதை மருந்தாக்கியது வேற ஆட்கள்.

12/ 1960களில் ஜப்பானின் டகேடா நிறுவனம் இதை 'நிகோலின்' என்ற பெயரில் ஊசி மருந்தாக்கியது. தலையில் அடிபட்டு நினைவு தப்பியவர்களுக்கு, மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மயக்கத்தில் இருப்பவர்களுக்கு என்று தொடங்கினாங்க. ஸ்பெயினில் ஃபெரர் நிறுவனம் 'சோமாசினா' என்று கொண்டுவந்தது. அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது.

13/ பின்னால் இருந்த தர்க்கம் பிரமாதமானது. 1970இல் நிக்கோலாஸ் பாஸான் என்ற அர்ஜென்டினா விஞ்ஞானி ஒன்றைக் காட்டினார்: மூளைக்கு ரத்தம் நின்றால், கொஞ்ச நேரத்திலேயே சவ்வுக் கொழுப்புகள் உடைய ஆரம்பித்து, கொழுப்பு அமிலங்கள் மூளைக்குள் சிந்துகின்றன.

ஆக, பக்கவாதத்தில் சுவர் இடியுது. சுவர் கட்டத் தேவையான பொருள் நம் கையில் இருக்கு. அதைக் கொடுத்தால் சுவர் மறுபடி எழும்தானே? கேட்டவுடனே தலையாட்டத் தோணுது இல்லையா? எனக்கும் தோணுச்சு.

14/ ஆரம்பத்தில் நல்ல செய்தியும் வந்தது. 1988இல் ஜப்பானிலிருந்து ஒரு ஆய்வு. பக்கவாதம் வந்த 272 பேர். பாதிப்பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் ஊசி, பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. 14 நாள். எது யாருக்குன்னு டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. மருந்து போட்டவர்களின் நினைவுநிலை நல்லாத் தேறியதா வந்தது.

15/ அடுத்து அமெரிக்கா. அங்கே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தாங்க. 1997இல் 259 பேரிடம் செய்த ஆய்வு. 500 மில்லிகிராம் நல்லாயிருக்கு, 2000 நல்லாயிருக்கு, நடுவில் இருக்கும் 1000 மட்டும் நல்லாயில்ல. இதைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு நெருடல் வருது இல்லையா? அதுதான் சரியான நெருடல். குழம்புக்கு ஒரு ஸ்பூன் உப்பும் சரி, நாலு ஸ்பூனும் சரி, ரெண்டு மட்டும் சரியில்லன்னா, நாக்கைத்தான் சந்தேகப்படணும்.

16/ பெரிய அளவில் செஞ்சப்போ அந்தச் சந்தேகம் உறுதியாச்சு. 1999இல் 394 பேர், 500 மில்லிகிராம்: வித்தியாசமில்லை. 2001இல் 899 பேர், 2000 மில்லிகிராம்: முன்கூட்டியே குறித்து வைத்திருந்த அளவுகோலின்படி தேறியவர்கள், மருந்து சாப்பிட்டதில் 52 சதவீதம், வெறும் மாத்திரை சாப்பிட்டதில் 51 சதவீதம்.

17/ கதை அங்கேயே முடிஞ்சிருக்கலாம். முடியல. இங்கே ஒருத்தரை உங்களுக்கு அறிமுகப்படுத்தணும். ஸ்பெயின் நாட்டு நரம்பியல் நிபுணர் அந்தோனி டாவலோஸ்.

2002இல் அவரும் குழுவினரும் நாலு அமெரிக்க ஆய்வுகளையும் ஒண்ணாச் சேர்த்தாங்க. மொத்தம் 1652 பேர். அதில் ஓரளவு கடுமையான பக்கவாதம், முன்பு நல்ல நடமாட்டம் போன்ற நிபந்தனைகளுக்குள் வரும் 1372 பேரை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டாங்க. மூணு மாசத்தில் நல்லாத் தேறியவர்கள் மருந்தோடு 25.2 சதவீதம், மருந்தில்லாம 20.2 சதவீதம்.

18/ நூறு பேரில் கூடுதலாக அஞ்சு பேர்! பக்கவாதத்தில் இது பெரிய விஷயம். மருந்து விற்பவர்கள் கையில் டாக்டர்களிடம் காட்ட ஒரு நல்ல எண் கிடைத்தது.

ஆனா ஆட்டம் முடிஞ்ச பிறகு ஸ்கோர்கார்டை வச்சுக்கிட்டு, 'இந்த இந்த ஓவரை மட்டும் கணக்கில் எடுத்தா நாமதான் ஜெயிச்சோம்'னு சொல்றதுக்கும் இதுக்கும் கொஞ்சம் உறவு உண்டு. உண்மையா பொய்யான்னு தெரிய ஒரே வழி, புதுசா ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கிறது.

19/ டாவலோஸ் அதைச் செஞ்சார். அதுக்காகவே இந்த மனுஷன்மேல எனக்கு மரியாதை. ஸ்பெயின், போர்ச்சுகல், ஜெர்மனியில் 59 மருத்துவமனைகள். 2298 நோயாளிகள். தினமும் 2000 மில்லிகிராம். முதல் மூணு நாள் ஊசி, பிறகு மாத்திரை, மொத்தம் ஆறு வாரம். 2006 கடைசியிலிருந்து 2011 வரைக்கும் ஆட்களைச் சேர்த்தாங்க. இந்த ஆய்வுக்குப் பெயர் இக்டஸ்.

20/ பாதி வழியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. இன்னும் ஆட்களைச் சேர்த்தாலும் பலன் தெரியப்போறதில்லை என்று இடைக்காலக் கணக்கு சொல்லிடுச்சு. 2012இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சிட்டிகோலின் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தேறுவதில் வித்தியாசமில்லை.

நம்பிக்கை தந்த எண்ணைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அது நிற்கலைன்னு ஊருக்குச் சொன்னதும் அவர்தான். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மருந்தை விற்கிற ஃபெரர் நிறுவனமேதான் என்பதையும் சேர்த்துக்கோங்க.

21/ அதே 2012இல் அமெரிக்காவிலிருந்து காப்ரிட் ஆய்வு. தலையில் அடிபட்ட 1213 பேர், தினமும் 2000 மில்லிகிராம், 90 நாள். இதற்கு அரசாங்கப் பணம். இதையும் நடுவிலேயே நிறுத்தினாங்க. நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் மருந்தோடு 35.4 சதவீதம், மருந்தில்லாம 35.6 சதவீதம்.

2020இல் காக்ரேன் குழு பக்கவாதத்தில் நடந்த பத்து ஆய்வுகளை, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. அதே பதில்தான்.

22/ இவ்வளவு அழகான தர்க்கம் ஏன் தோத்துச்சு? ஒரு காரணம், வாயில் போடும் சிட்டிகோலின் அப்படியே மூளைக்குப் போறதில்ல. குடலிலேயே கோலின் தனி, சிட்டிடின் தனின்னு பிரியுது. வாசல்ல நுழையாத கட்டிலைக் கழற்றி உள்ளே கொண்டுபோற மாதிரி.

அதிலும் ஒரு வேடிக்கை. மனுஷ உடம்பில் அந்தச் சிட்டிடின் ரத்தத்தில் யூரிடினா மாறிடுது. அதாவது 'சி' எழுத்து 'யூ' ஆயிடுது. 2000இல் எம்ஐடியின் ரிச்சர்ட் வுர்ட்மன் குழு இதைக் காட்டியது. மூளை அந்த யூரிடினை வாங்கி மறுபடி 'சி' ஆக்கிக்கணும்.

23/ இன்னொன்று நான் புரிஞ்சுக்கிட்ட விதம். பக்கவாதத்தில் பிரச்சினை செங்கல் பஞ்சமில்ல, தீ. ரத்தம் அடைபட்டிருக்கு. வீடு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது வாசலில் ஒரு லோடு செங்கல் இறக்கினா என்ன ஆகும்? செங்கல் நல்ல செங்கல்தான். கென்னடி சொன்னதும் நூறு சதவீதம் சரிதான். ஆனா முதலில் வரவேண்டியது தீயணைப்பு வண்டி.

24/ "சரி டாக்டர், பக்கவாதத்துக்கு இல்ல. சும்மா ஞாபக மறதிக்கு?" நியாயமான கேள்வி. இதில் பதில் அவ்வளவு கறாரா இல்ல.

2005இல் ஒரு காக்ரேன் ஆய்வு, வயதானவர்களின் மறதியில் நடந்த 14 சின்னச் சின்ன ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குறுகிய காலத்தில் ஞாபகத்திலும் நடத்தையிலும் ஓரளவு பலன் தெரியுது, ஆனா நீண்டகால ஆய்வு வேணும்னு சொன்னது.

25/ 2021இல் இன்னொன்று. 50 முதல் 85 வயது வரை, ஆரோக்கியமான நூறு பேர், தினமும் 500 மில்லிகிராம், 12 வாரம். ஞாபகத் தேர்வில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண். பணம் கொடுத்தது அந்தப் பொருளைத் தயாரிக்கும் ஜப்பானிய நிறுவனம். அதனாலேயே பொய்னு சொல்லல. ஆனா நூறு பேர், மூணு மாசம். டாவலோஸின் கதையை இப்போதான் படிச்சீங்க. சின்ன ஆய்வில் தெரியுற வெளிச்சம் பெரிய ஆய்வில் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

26/ வுர்ட்மன் யூரிடினை வச்சே ஒரு பானம் செய்ய வழி காட்டினார். யூரிடின் மோனோபாஸ்பேட், கோலின், மீன் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு எல்லாம் சேர்ந்தது. பெயர் சூவனெய்ட். அல்சைமர் நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த 311 பேருக்கு ஐரோப்பாவில் ரெண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தாங்க. 2017இல் முடிவு வந்தது. சில உப அளவீடுகளில் ஆறுதல். முக்கியமா எதை அளக்கணும்னு குறிச்சிருந்தாங்களோ, அதில் வித்தியாசமில்லை.

27/ அப்புறம் ஏன் இன்னும் எழுதுறோம்? சத்தியமா சொல்றேன், டாக்டர்கள் எல்லாரும் கெட்டவங்க இல்ல. பக்கவாதம் வந்து நாலரை மணி நேரம் தாண்டிட்டா, கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் போயிடுச்சு. குடும்பமே கட்டிலைச் சுத்தி நின்னு, "ஏதாவது பண்ணுங்க டாக்டர்" என்று முகத்தைப் பார்க்கும். ஒண்ணுமில்லன்னு சொல்ல வாய் வராது. சிட்டிகோலினில் பெரிய பக்கவிளைவும் கிடையாது. தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை மாதிரி சிலருக்கு வரும். அதனால் பேனா தானா ஓடிடுது.

28/ ஆனா "கெடுதல் இல்ல"ன்னு சொல்றப்போ நாங்க மாத்திரையை மட்டும்தான் பார்க்கிறோம். அந்த மாத்திரை வீட்டுக்குப் போய் எதைத் தள்ளிவிட்டு உட்காருதுன்னு பார்க்கிறதில்ல. காசு கொடுத்து வாங்கினது பெரிய மருந்து, சும்மா கிடைச்சது சின்ன மருந்துன்னு நம்ம மனசு கணக்குப் போடும். அந்த அம்மா வீட்டில் நடந்தது அதுதான்.

29/ தள்ளிவிடப்பட்ட அந்தச் 'சின்ன' மருந்தின் கதையைக் கேளுங்க. 2001இல் வந்த புரோகிரஸ் ஆய்வு. ஏற்கெனவே பக்கவாதமோ அதன் அறிகுறியோ வந்துபோன 6105 பேர். பிரஷரைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தாங்க. மறுபடி பக்கவாதம் வருவது 28 சதவீதம் குறைஞ்சது.

2019இல் இன்னொரு பெரிய ஆய்வு, பிரஷரை நல்லாக் கட்டுப்படுத்தினவங்களுக்கு ஆரம்பக் கட்ட ஞாபகக் குறைபாடு வர்றதும் குறையுதுன்னு காட்டியது. ஆக, ஞாபகத்துக்குன்னே ஒரு மாத்திரை கேட்டா, சும்மா கிடைக்குதே அந்தப் பிரஷர் மாத்திரை, அதுக்குத்தான் ஆதாரம் பலமா இருக்கு.

30/ அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் எங்கேயும் அது இலவசம். 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறாங்க. இலவசம்னா மட்டமில்லங்க.

31/ உங்களுக்கு நான் சொல்ல விரும்புறது:

வீட்டில் யாருக்காவது திடீர்னு வாய் கோணினா, கை விழுந்தா, பேச்சு குழறினா, மணியைப் பாருங்க, 108க்குக் கூப்பிடுங்க. அந்த நாலரை மணி நேரத்தை எந்த மாத்திரையும் திருப்பித் தராது.

மறதி இருந்தா, முதலில் பி12, தைராய்டு, சர்க்கரை, காது கேட்கிறதா, மனச்சோர்வா என்று பாருங்க. சரிசெய்யக்கூடிய மறதிகள் நிறைய.

கோலின் வேணும்னா ஒரு முட்டையிலேயே ஏறக்குறைய 150 மில்லிகிராம் இருக்கு. அதுக்காக முட்டை சாப்பிட்டா ஞாபகம் வரும்னு நான் சொன்னதா ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க.

32/ ஏற்கெனவே சிட்டிகோலின் சாப்பிடுறீங்களா? பதற வேண்டாம். எழுதின டாக்டரிடம் போய் ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "என் சீட்டில் இருக்கிற மாத்திரைகளில் ஒண்ணைத்தான் வாங்க முடியும்னா, எதை வாங்கணும்?" நல்ல டாக்டர் யாரும் சிட்டிகோலினைக் காட்டமாட்டார். அந்தப் பதில் கிடைச்சா மீதி உங்களுக்கே புரியும்.

33/ அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன், இவ்வளவு நீளமா இல்லாம. கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் அட்டைகளையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "அப்போ இத்தனை மாசம் வாங்கினது?" என்று கேட்டாங்க.

பிரஷர் மாத்திரையை நிறுத்தினதாலதான் ரெண்டாவது தடவை வந்ததுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. சொல்லவும் இல்ல. ஆனா அவங்க கேட்டது அதைத்தான்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

34/ டிஸ்சார்ஜ் அன்னைக்குச் சீட்டில் முதல் வரியிலேயே பிரஷர் மாத்திரையை எழுதி, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். அம்மா அதை மடிச்சு, அட்டைகளோட போடாம, சுருக்குப் பையில் காசோட வச்சுக்கிட்டாங்க.